கைத்தடியுடன் நின்ற பெரியவருக்கு ஏன் யாரும் எழவில்லை?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். காலை வேளையில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் புறநகர் ரயிலில், குரோம்பேட்டையில் ஏறிய பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றியபடி எழும்பூர் வரை நின்றுகொண்டே வந்தார். அமர்ந்திருந்தவர்களில் பலர் இளைஞர்கள், ஒருவரும் எழவில்லை, பெரும்பாலோர் கைபேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. தினமும் அதே வண்டியில், ஏறக்குறைய அதே பெட்டியில் செல்லும் கேள்வியாளரும் நின்றுகொண்டிருந்தார். யாரிடமாவது இடம் கேட்கலாம் என்று நினைத்தும் அவருக்கு வாய் வரவில்லை. நம் மக்கள் இவ்வளவு சுயநலக்காரர்களாக ஆகிவிட்டார்களா, முன்பும் இப்படித்தான் இருந்ததா, அந்தக் காட்சியைப் படம் எடுத்துப் பொதுவில் போட்டிருந்தால் அவர்களுக்கு உறைத்திருக்குமா, இனி என்னைப் போன்றவர் என்னதான் செய்வது என்று கேட்கிறார். கேள்விகள் நான்கு போலத் தெரிந்தாலும், தமக்கு வாய் வராமல் போனது ஏன் என்பதுதான் அவரை உண்மையில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். பதிலும் அங்கேதான் இருக்கிறது.

நான் நகரப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்து, பின்னர் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து, பணியின் கடைசி ஆண்டுகளில் புதிய நடத்துநர்களுக்குப் பயிற்சி அளித்தவன். இடையில் அஞ்சல் வழியில் உளவியலும் படித்தேன். ஆகவே பேருந்தைப் பற்றி நான் சொல்வது பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்தது. ரயிலைப் பற்றிச் சொல்வது ஒரு பயணியாக மட்டும் அறிந்தது. ஆய்வுகளைப் பற்றிச் சொல்வது படித்தது. மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது என்பதால், எதை எங்கிருந்து சொல்கிறேன் என்பதை அங்கங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

முதலில் பழைய காலத்தைப் பற்றி. முன்பு மக்கள் மரியாதை தெரிந்தவர்களாக இருந்தார்கள், இப்போது கெட்டுவிட்டார்கள் என்ற கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. கைபேசி பரவாத அந்த நாள்களில், பொங்கலுக்கு முந்தைய சிறப்புப் பேருந்துகளில் பணி செய்தபோது, வண்டி நிலையத்துக்குள் திரும்பி நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டும் கைக்குட்டையும் பையும் உள்ளே விழும். குழந்தையையே சன்னல் வழியாக இறக்கி இடம் பிடித்தவர்களும் உண்டு. வரிசையில் நின்று படியேறி வரும் முதியவர் உள்ளே பார்க்கும்போது இருக்கைகளில் துணிதான் உட்கார்ந்திருக்கும். "துண்டு போட்டிருக்கேனே, தெரியலையா?" என்று தொடங்கும் சண்டையை விலக்கிவிடுவது என் பணிகளில் ஒன்றாகவே இருந்தது. அதுபோலவே, முதியவர் அருகில் வந்து நின்றால் கண்ணை மூடி உறங்குவதுபோல் இருந்துவிடும் பழக்கமும் பழையதுதான். அன்று கண்ணை மூடிக்கொண்டவர் இன்று கைபேசியைப் பார்க்கிறார். ஒரு மாற்றத்தை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: கண்ணை மூடி நடிப்பவருக்கு, தாம் நடிக்கிறோம் என்பது தெரியும், காதில் கருவியை மாட்டிக்கொண்டு திரையில் மூழ்கியவர் பல நேரங்களில் உண்மையாகவே பார்ப்பதில்லை. அருகில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே அவமதிப்பாகத் தெரிந்தாலும், இரண்டாமவரைச் சுயநலக்காரர் என்று சொல்லிவிடுவதற்கு நான் தயங்குவேன்.

அடுத்து, நம் மக்கள் சுயநலக்காரர்களா என்ற கேள்வி. சென்னை நகரப் பேருந்தில் நெரிசல் நேரத்தில் நடத்துநர் தம் இருக்கையை விட்டு நகர முடியாத நிலையில், முன்படி அருகே நிற்கும் பயணி இருபது ரூபாய்த் தாளை முன்னால் நிற்பவரிடம் நீட்டி, "ஒரு சைதாப்பேட்டை, பாஸ் பண்ணுங்க" என்பார். அந்தத் தாள் ஐந்தாறு பேரின் கைமாறி நடத்துநரிடம் வரும். பயணச்சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியாகத் திரும்பிப் போகும். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கொடுத்தவரின் முகத்தைக்கூட இடையில் இருப்பவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப் போன பணம் வழியில் காணாமல் போனதாக எழுந்த புகார்கள் என் நினைவில் மிகமிகக் குறைவு. நின்றுகொண்டிருக்கும் மாணவன் தன் புத்தகப் பையை, அமர்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்மணியின் மடியில் வைப்பதும், அவர் அதை இறங்கும் இடம் வரை பிடித்துக்கொண்டு வருவதும் அப்படித்தான். "அம்மா, இதைக் கொஞ்சம் வச்சுக்குறீங்களா?" என்றால் மறுப்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கைபேசி வழியாகக் கட்டணம் செலுத்தும் முறை பரவுவதால் பணம் கைமாறும் காட்சி இனிக் குறையலாம்; அது எனக்கு வருத்தமே.

இன்னொன்றையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு என்பது நெடுநாள் வழக்கம். அதில் அமர்ந்திருக்கும் ஆண், அருகில் ஒரு பெண் வந்து நின்றால் பெரும்பாலும் எதுவும் சொல்லாமலே எழுந்துவிடுவார். எழாவிட்டால் "லேடீஸ் சீட்" என்று இரண்டே சொற்கள் போதும். அப்படி எழுந்த அதே ஆள், வலப்பக்கம் ஓர் இருக்கை கிடைத்து அமர்ந்த பிறகு, எழுபது வயதுக்காரர் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் அசையமாட்டார். இரண்டு நிமிட இடைவெளியில் அவர் குணம் மாறிவிடவில்லை. முதலாவதில் யார் எழ வேண்டும், எப்போது எழ வேண்டும், யார் கேட்கலாம் என்பதெல்லாம் முன்பே முடிவாகி, எல்லோருக்கும் தெரிந்த முறையாக நிலைத்திருக்கிறது. இரண்டாவதில் முறை இல்லை. அவரவர் மனச்சான்றுக்கு விடப்பட்டிருக்கிறது. மனச்சான்றுக்கு மட்டும் விடப்பட்ட எதுவும் நெரிசலில் தோற்றுப்போகிறது என்பதே என் பணிக்காலம் எனக்குக் காட்டியது.

இதற்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970களின் முற்பகுதியில் தம் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பி, அமர்ந்திருப்பவர்களிடம் காரணம் எதுவும் கூறாமல் "உங்கள் இருக்கையை எனக்குத் தருவீர்களா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டவர்கள் உடல்நலமுள்ள இளைஞர்கள். அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இருந்தும் 68 விழுக்காட்டினர் எழுந்து கொடுத்தார்கள், அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். "நின்றுகொண்டு என்னால் புத்தகம் படிக்க முடியவில்லை" என்ற அற்பமான காரணத்தைச் சேர்த்துக் கேட்டபோது அது 42 விழுக்காடாகக் குறைந்தது. கேட்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே காதில் விழுந்தவர்களும் குறைவாகவே கொடுத்தார்கள். மறுப்பதற்குச் சொற்களைத் தேடிக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைத்துவிட்டது. ஆனால் நம் கேள்வியாளருக்கு இந்த எண்களைவிட வேறொரு செய்திதான் முக்கியம். மாணவர்களில் பலரால் கேட்கவே முடியவில்லை; மில்கிராம் தாமே முயன்றபோது சொற்கள் தொண்டையில் சிக்கிக்கொண்டன. ஒருவழியாகக் கேட்டு இடம் கிடைத்ததும், அதற்குத் தகுதியானவராகத் தெரிய வேண்டுமே என்று, தலையைக் கவிழ்த்து நோயாளிபோல் உட்கார்ந்துகொள்ளத் தோன்றியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். கேட்டால் கொடுப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கேட்பதோ நாம் நினைப்பதைவிடக் கடினம். ஆகவே அந்தப் பெட்டியில் உங்களுக்கு வாய் வராமல் போனதை உங்கள் தனிப்பட்ட கோழைத்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றோர் ஆய்வு 1969இல் வெளியானது. அதே நகரத்தின் எட்டாவது அவென்யூ தடத்தில், 59ஆம் தெருவுக்கும் 125ஆம் தெருவுக்கும் இடையே வண்டி நிற்காமல் ஓடும் ஏழரை நிமிடத்துக்குள், ஒருவர் தள்ளாடிக் கீழே விழுவதுபோல் நடித்தார். கைத்தடியுடன் விழுந்தவருக்கு 65 முறையில் 62 முறை யாராவது தாமாகவே ஓடிவந்து உதவினார்கள். மது வாடையுடன், கையில் புட்டியோடு விழுந்தவருக்கு 38 முறையில் 19 முறைதான் அப்படி உதவி கிடைத்தது. கூட்டம் அதிகமாக இருந்தால் எல்லோரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள் என்ற கருத்து அப்போது பரவலாகியிருந்தது. இந்த ஆய்வில் அப்படி நிகழவில்லை. விழுந்தவர் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தார், அவருக்கு என்ன தேவை என்பதில் ஐயம் இல்லை, ரயிலை விட்டு விலகிப் போகவும் வழியில்லை.

இவற்றை நம் ஊருக்கு அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வேற்று நாட்டு நகரத்தில் கிடைத்த எண்கள் அவை. சென்னையில் கேட்டால் நூற்றுக்கு 68 பேர் எழுவார்கள் என்று அவற்றைக் கொண்டு யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவை காட்டும் போக்கு, நான் பேருந்தில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. குரோம்பேட்டைப் பெரியவர் விழுந்திருந்தால் அதே இளைஞர்கள் பாய்ந்து தூக்கியிருப்பார்கள், தண்ணீர் கொடுத்திருப்பார்கள், எழும்பூரில் இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்துக் கொடுக்கவும் சிலர் முன்வந்திருப்பார்கள் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்வேன். அவர் விழாமல் நின்றதுதான் சிக்கல். நிற்பவருக்கு உண்மையில் இடம் வேண்டுமா என்பது தெரிவதில்லை. "உட்காருங்க ஐயா" என்று எழுந்தால், "எனக்கென்ன அவ்வளவு வயசாயிடுச்சா?" என்று முகம் சுளித்தவர்களையும், "வேணாம் தம்பி, அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்" என்று மறுத்தவர்களையும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படி எழுந்து, எல்லோர் பார்வையிலும் மறுக்கப்பட்ட இளைஞன், மறுமுறை எழத் தயங்குகிறான். கருவுற்ற தொடக்க மாதங்களில் இருக்கும் பெண்ணின் நிலை இன்னும் கடினம். தலைசுற்றல் மிகுந்த காலம் அதுவாக இருந்தும் வெளியே எதுவும் தெரிவதில்லை. இதற்காகவே லண்டன் போக்குவரத்துத் துறை 2005 முதல் கருவுற்ற பெண்களுக்கு உடையில் குத்திக்கொள்ளும் அடையாள வில்லை (பேட்ஜ்) வழங்கிவருகிறது. வெளியே தெரியாத நோயுள்ளவர்களுக்கும் 2017இல் அதுபோல் ஒன்றைக் கொண்டுவந்தது. கேட்க வாய் வராதவருக்காக அந்த வில்லை கேட்கிறது.

முறை வேண்டும் என்பதற்கு ஜப்பானில் ஒரு நல்ல சான்று உண்டு. அங்கே முதியோருக்கான தனி இருக்கைகள் 1973 செப்டம்பர் 15ஆம் நாள், முதியோரைப் போற்றும் நாளன்று, டோக்கியோவின் சூவோ தடத்தில் தொடங்கப்பட்டன. பின்னாளில், சில இருக்கைகளை மட்டும் ஒதுக்கினால் மற்ற இருக்கைகளில் இருப்பவர்கள் தங்களுக்குக் கடமையே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள் என்ற குறை எழுந்தது. ஒசாகா பகுதியின் ஹான்கியூ ரயில் நிறுவனம் 1999இல் தனி இருக்கைகளை நீக்கிவிட்டு, எல்லா இருக்கைகளும் முன்னுரிமை இருக்கைகளே என்று அறிவித்தது. கேட்பதற்கு மிக உயர்ந்த எண்ணம்தான். ஆனால் இடம் கிடைப்பதில்லை என்று முதியோர் முறையிட்டதால் 2007இல் ஒதுக்கீட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மரியாதைக்குப் பெயர்பெற்ற ஒரு நாட்டிலேயே, எல்லோருக்கும் பொதுவாக வைத்த கடமை யாருடைய கடமையாகவும் இல்லாமல் போனது. நம் ரயில் பெட்டியிலும் பேருந்திலும் மூத்த குடிமக்களுக்கென எழுதப்பட்ட இருக்கைகள் உண்டு. எழுத்து அழிந்துபோன பெட்டியில் அந்த ஒதுக்கீடும் அழிந்துபோகிறது. மீண்டும் வண்ணம் தீட்டுவது சிறிய வேலைதான், ஆனாலும் அதைச் சிறிய செய்தியாக நான் நினைக்கவில்லை.

நடத்தையைப் பற்றிப் பேசும்போது வண்டிகளின் எண்ணிக்கையைப் பேசாமல் விடுவதும் நேர்மையாகாது. அடுத்த பேருந்து ஐந்து நிமிடத்தில் வரும் என்று தெரிந்த தடத்தில் மக்கள் இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஏறுவார்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்த தடத்தில், இதைத் தவறவிட்டால் வேலைக்குப் போக முடியாது என்று அறிந்தவர்கள், இறங்குபவரின் மார்பில் முட்டிக்கொண்டு ஏறுவார்கள். இருவரும் ஒரே தெருவில் வாழ்பவர்களாகவும் இருக்கலாம். வாசலை அடைத்து நிற்பவர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எவ்வளவு இடம் இருக்கு" என்று கத்தியே என் குரல் கெட்டது. ஆனால் உள்ளே போனால் தம் நிறுத்தத்தில் இறங்க முடியாது என்ற அச்சம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. இறங்குவதற்குப் போதிய நேரம் நின்று, இரண்டு விசில் கொடுக்கும் முன் வாசலை ஒருமுறை பார்க்கும் நடத்துநரின் வண்டியில் மக்கள் தாமாக உள்ளே போவார்கள். படியில் பயணம் நொடியில் மரணம் என்று பேருந்தில் எழுதிவைத்திருப்பதை எல்லோரும் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டும் தொங்குபவர்களில் ஒரு பகுதியினர் வீம்புக்காகத் தொங்குகிறார்கள், மற்றவர்கள் உள்ளே நுழைய முடியாமல் தொங்குகிறார்கள். இவர்கள் இருவரையும் ஒரே வசைச்சொல்லால் திட்டுவது தவறு.

இதுவரை சொன்னதைக் கொண்டு, எல்லாம் சூழ்நிலையின் குற்றம், மனிதர்மீது குற்றமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையான சுயநலம் உண்டு. அது பெரும்பாலும் கூட்டமாக வரும். புறநகர் ரயிலில் மாதச் சீட்டு வைத்திருக்கும் நண்பர் குழுக்கள், அடுத்த நிலையங்களில் ஏறப்போகும் தோழர்களுக்காகப் பையை வைத்து இடம் பிடித்துக்கொள்வதைப் பயணியாக நான் கண்டிருக்கிறேன். தங்களுக்குள் அவர்களைவிட அன்பானவர்கள் கிடையாது: ஒருவருக்கு உடல்நலமில்லை என்றால் மற்றவர் பணம் திரட்டுவார், பிறந்தநாளுக்கு இனிப்பு வரும். அந்த அன்பே வெளியாளுக்குக் கொடுமையாக முடிகிறது. முன்பின் அறியாத ஒரு பெண்மணி காலியாக இருக்கும் இடத்தில் உட்காரப் போனால், "ஆள் வராங்க" என்று நான்கு குரல்கள் எழும். முன்பதிவு இல்லாத பெட்டியில் இன்னொரு பயணி நுழைவதைத் தடுப்பவருக்கு, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பெட்டிக்குள் நுழைவதைத்தான் அந்தப் பிரிவு பேசுகிறதே ஒழிய, பை வைத்து இருக்கையைப் பிடிப்பதைப் பற்றிப் பேசவில்லை. எனினும் முன்பதிவில்லாப் பெட்டியில் யாருக்கும் தனி உரிமை இல்லை என்பதே அதன் அடிப்படை. மும்பையிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. ஆனால் மூவர் இருக்கையில் நான்காமவர் கேட்டால் நகர்ந்து இடம் விடுவது அங்கே ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். நம் ஊரை விடக் கொடிய நெரிசலிலும் அந்த முறை நிலைத்துவிட்டது.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது, மரியாதை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது. மேலே சொன்ன ஆய்வில் கைத்தடிக்கும் மதுப்புட்டிக்கும் இருந்த வேறுபாட்டை நம் ஊர்ப் பேருந்தில் வேறு வடிவங்களில் பார்க்கலாம். வெள்ளை வேட்டி கட்டிய முதியவருக்கு எழுபவர், தலையில் மீன்கூடையோடு ஏறும் அதே வயதுப் பாட்டிக்கு எழுவதில்லை. அருகில் காலி இடம் இருந்தாலும் தள்ளி நிற்கச் சொல்கிறார். கட்டட வேலை முடித்து, உடையில் சிமெண்ட் படிந்து வருபவர் தாமே உட்காராமல் நிற்பதுண்டு. உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார் என்று அவருக்குத் தெரியும். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டு, பேருந்து நிலையத்தில் நின்று நீதி கேட்டதை நாடே பார்த்தது. பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் புதிய நடத்துநர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அதே ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். "ஓசியில வர்றவங்களுக்கு எதுக்கு சீட்டு?" என்று சில ஆண்கள் காதுபடப் பேசுவதைக் கேட்டு மனம் கொதித்திருக்கிறேன். அந்தப் பயணத்துக்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடு செய்கிறது. அந்தப் பெண்களும் வாங்கும் எத்தனையோ பொருள்களுக்கு வரி கட்டுகிறவர்கள். எவருக்கும் கடன்பட்டு அவர்கள் அங்கே நிற்கவில்லை. நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்களை உரசுவதையும் இடிப்பதையும் இந்தப் பேச்சில் நான் சேர்க்கவில்லை. அது மரியாதைக் குறைவு என்ற கணக்கில் வராது. அது குற்றம், அதற்குச் சட்டம் இருக்கிறது, ரயிலில் 139 என்ற எண் இருக்கிறது.

இனி, என்ன செய்வது என்ற கேள்வி. படம் எடுத்துப் பொதுவில் போடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. அந்த இருக்கையில் இருந்த இளைஞர் இரவுப்பணி முடித்து வந்தவரா, சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போய்வருபவரா, முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரா என்பது படத்தில் தெரியாது. ஒரு பெட்டி முழுவதும் செய்யத் தவறியதற்கு ஒருவரின் முகம் மட்டும் ஆயிரம் பேர் முன் நிறுத்தப்படும். படம் எடுக்கக் கையை உயர்த்திய அதே நேரத்தில் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் என்பதும் உண்மை.

கேட்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. நடத்துநர் பயிற்சியில் நான் சொல்லிக்கொடுத்தவை இவை. முதலில் பெரியவரிடம் கேளுங்கள்: "ஐயா, உட்கார்றீங்களா, இடம் கேட்கட்டுமா?" அவருக்கு வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், "யாராவது இடம் கொடுங்களேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்; அது எல்லோர் காதிலும் விழும், ஒருவரும் எழமாட்டார்கள். ஒருவரை மட்டும் கண்ணால் பார்த்து, காதில் கருவி இருந்தால் அதை எடுக்கும்வரை பொறுத்து, "தம்பி, இவரால நிற்க முடியலை, கொஞ்சம் இடம் கொடுக்குறீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். அதற்கு மேல் காரணங்களை அடுக்க வேண்டாம். அறிவுரை சொல்லவே வேண்டாம். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு..." என்று தொடங்கிவிட்டால், எழ நினைத்தவனும் எழமாட்டான், எழுந்தால் அந்தக் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் மறுத்தால் காரணம் கேட்காமல் அடுத்தவரிடம் போங்கள். தமக்காகக் கேட்பதைவிடப் பிறருக்காகக் கேட்பது எளிது என்பதை நீங்களே உணர்வீர்கள். எழுந்தவரின் பையை வாங்கி, உட்கார்ந்த பெரியவரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருவருக்கும் இடையே இருக்கும் சங்கடம் அதில் கரைந்துவிடும். ஆள் குறைந்த இரவு வண்டியில் தனியாக இருக்கும்போதோ, எதிரில் இருப்பவர் குடித்திருக்கும்போதோ இதையெல்லாம் முயல வேண்டாம்.

நடத்துநராக ஒரே தடத்தில் தொடர்ந்து காலை வண்டியில் பணி செய்த காலங்களில், இப்படிப் பெயர் சொல்லாமல் ஆள் பார்த்துக் கேட்டுவந்தபோது, சில வாரங்களில் வழக்கமான பயணிகளில் யாராவது நான் சொல்வதற்கு முன்பே "பெரியவர் வர்றாரு, எழுந்திரிப்பா" என்று குரல் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் உடலில் காக்கி இருந்தது. கேட்கும் அதிகாரம் எனக்கு உண்டு என்பதை எல்லோரும் ஏற்றிருந்தார்கள். உங்களுக்கு அது இல்லை, புறநகர் ரயில் பெட்டியில் நடத்துநரும் இல்லை. ஆகவே அங்கேயும் அதே வேகத்தில் முறை நிலைக்கும் என்று என்னால் வாக்களிக்க முடியாது. ஆனால் தினமும் அதே பெட்டியில் அதே முகங்களோடு செல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் பேச்சுப் பழக்கம் உள்ள இரண்டு பேரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். மூன்று பேர் கேட்கும் பெட்டியில் முதலில் கேட்பவரின் தொண்டை அவ்வளவாக அடைக்காது.